குளியலறை ஜன்னல் மறைப்பு: என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது

தருமபுரியில் அலுமினிய ஜன்னல், கண்ணாடி வேலை செய்கிறேன். கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் போய் வருவதுண்டு. "ஷவருக்குப் பக்கத்துலயே ஜன்னல் இருக்குதுங்க, வெளிய தெரியுது, ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க" என்று மாதம் நாலைந்து போனாவது வரும். ஒட்டுவது சின்ன வேலைதான். ஒட்டிய பிறகு வருகிற இரண்டாவது போன்தான் பிரச்சினை. உரிகிறது, ராத்திரி தெரிகிறது, புழுக்கமாக இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. அந்த இரண்டாவது போன்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் கீழே 'குளிக்கும்போது தலை சுற்றுகிறது' என்கிற பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை

இரவு ஏழரை, எட்டு மணிக்குக் குளியலறை விளக்கைப் போட்டுவிட்டு, வீட்டில் யாரையாவது உடுத்திய துணியோடு ஷவர் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். கையில் ஒரு சிவப்பு மக்கைக் கொடுத்து மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே போய்ச் சந்து, பின்வாசல், உங்கள் மாடிப்படி, முடிந்தால் கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடி என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் பாருங்கள். சிவப்பு மட்டும் கலங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. அது மக் என்றே தெரிந்தால் மறைப்பு போதாது.

பெரும்பாலானவர்கள் இதைப் பகல் பதினொரு மணிக்கு, அதுவும் உள்ளே நின்றுகொண்டு பார்க்கிறார்கள். உள்ளேயிருந்து வெளியே தெரிவது வேறு, வெளியேயிருந்து உள்ளே தெரிவது வேறு. நேரத்தையும் நிற்கிற இடத்தையும் மாற்றினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பகலில் ஒன்றும் தெரியவில்லை, விளக்குப் போட்டால் எல்லாம் தெரிகிறது

கண்ணாடியில் ஒட்டியிருப்பது முகம் பார்க்கிற கண்ணாடி போல மின்னுகிற பிலிம்தானே? கார், அலுவலகக் கண்ணாடிகளுக்கு ஒட்டுகிற வகை. எந்தப் பக்கம் இருட்டோ அங்கே நிற்பவருக்குத்தான் மறுபக்கம் தெரியும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், அதனால் உள்ளே தெரியாது. இரவில் அப்படியே தலைகீழ். கொசுவலையும் இதே கதைதான், மெல்லிய திரைத்துணியும் இதே கதைதான்.

அதன்மேல் இன்னொரு பிலிம் ஒட்டினால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது, இருட்டுதான் கூடும். ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் காலை ஐந்து மணிக்கே குளிக்கிற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அந்த நேரத்தில் வெளியே இருட்டு, உள்ளே டியூப் லைட். அந்தப் பிலிமைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பால் வெள்ளையாக இருக்கிற பிராஸ்டட் வகையை ஒட்டுவது ஒன்றே வழி. ஹேர் டிரையர் இருந்தால் ஓரத்தில் சூடு காட்டி மெதுவாக இழுங்கள், முழுதாக வந்துவிடும்.

முகம் தெரியவில்லை, ஆனால் உருவம் நிழலாகத் தெரிகிறது

இங்கே கண்ணாடியை மாற்ற வேண்டியதில்லை. பல்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கும். பல்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆள் நின்றால் கண்ணாடி தோல்பாவைக் கூத்துத் திரைபோல ஆகிவிடுகிறது. பல்பை ஜன்னல் இருக்கிற அதே சுவரில், ஜன்னலுக்கு மேலே மாற்றுங்கள். நிழல் எதிர்ச் சுவரில் விழும், கண்ணாடிக்கு வராது. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. பல்பும் ஹோல்டரும் தண்ணீர் தெறிக்காத மூடிய வகையாக இருக்கட்டும்.

இன்னொன்று. பிராஸ்டட் கண்ணாடிக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோமோ அவ்வளவு தெளிவாகத் தெரியும். உள்ளங்கையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் வெளியேயிருந்து விரல்களை எண்ணலாம். மூன்றடி தள்ளிப்போனால் வெறும் நிறம்தான். ஷவர் ஜன்னலை ஒட்டியே இருந்து அதை நகர்த்தவும் முடியாது என்றால், ஜன்னலுக்கு அரையடி உள்ளே தள்ளி ஒரு ஷவர் கர்ட்டன் போடுங்கள். மறைப்பு இரண்டாகி நடுவில் இடைவெளியும் இருந்தால் உருவம் கலைந்துவிடும்.

குளிக்கும்போது மட்டும் கண்ணாடி தெளிவாகிறது

இது என் தவறால் நடந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீடு. மணல் அடித்து மங்கலாக்கிய கண்ணாடி போட்டுக்கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து போன்.

"தம்பி, நீங்க போட்ட கண்ணாடி நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் குளிக்கும்போது மட்டும் காணாமப் போயிடுது."

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். நேரில் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு மக் தண்ணீரை எடுத்துக் கண்ணாடிமேல் வீசினார். தண்ணீர் வழிந்த இடமெல்லாம் பின்வீட்டு முருங்கை மரம் இலை இலையாகத் தெரிந்தது. தண்ணீர் காயக் காய மரம் மறுபடி மங்கிக்கொண்டே போனது.

"இப்ப சொல்லுங்க சார்" என்றார். அவர் என்னை சார் என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

நடந்தது இதுதான். மணல் அடித்த பக்கம் நுண்ணிய பள்ளம் மேடாக இருக்கும். அதில் பட்டு ஒளி சிதறுவதால்தான் கண்ணாடி மங்கலாகத் தெரிகிறது. அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிரம்பினால் மேற்பரப்பு வழவழப்பாகி ஒளி நேராகப் போய்விடும். நான் சொரசொரப்பான பக்கத்தை ஷவர் பக்கமாக வைத்துவிட்டேன். ஓரத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கிற பீடிங் பட்டையைக் கழற்றிக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டேன், கோளாறு தீர்ந்தது. கூலி வாங்கவில்லை, காபி குடித்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அது வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மேலே சன்ஷேட் இல்லாமல் மழை நேராக அடிக்கிற ஜன்னல் என்றால் வெளிப்பக்கமும் நனையும், அப்போதும் தெளிந்துவிடும். அங்கே இரண்டு கண்ணாடிக்கு நடுவே வெள்ளைப் பிலிம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடிதான் சரி. விலை கூடத்தான்.

கடையில் ஸ்டிக்கர் வாங்கும்போதும் இதையே செய்யலாம். மாதிரித் துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்த செய்தித்தாளை அதன் வழியாகப் பாருங்கள். சொட்டு இருக்கிற இடத்தில் மட்டும் எழுத்து தெரிந்தால் அந்த ரகம் வேண்டாம். துண்டைப் பேப்பர்மேல் ஒட்டிவைத்துப் பார்க்காதீர்கள். ஒட்டிவைத்தால் எந்த பிராஸ்டட் ஸ்டிக்கரும் எழுத்தைக் காட்டத்தான் செய்யும். "பாருங்க சார், எல்லாம் தெரியுது" என்று சொல்லி விலை உயர்ந்த ரகத்தைத் தள்ளிவிடுகிற கடைக்காரரும் உண்டு.

ஸ்டிக்கர் உரிகிறது, குமிழி கிளம்புகிறது

எங்கேயிருந்து உரிகிறது என்று பாருங்கள்.

பரவலாக, ஒரு இடம் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தால், ஒட்டிய பரப்பு வழவழப்பாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாக மேடு இருக்கிற பின்ஹெட் கண்ணாடியின் புள்ளிப் பக்கத்தில் ஒட்டியிருப்பீர்கள். புள்ளிகளின் தலையில் மட்டும்தான் பசை பிடித்திருக்கும், நடுவிலெல்லாம் காற்று. ஒட்டுவதானால் மறுபக்கத்தில்தான் ஒட்ட வேண்டும்.

கீழ் ஓரத்திலிருந்து மட்டும் உரிந்தால், ஸ்டிக்கரைப் பீடிங் ரப்பருக்குள் செருகி ஒட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ரப்பர் ஓரத்தில் தேங்குகிற தண்ணீர் அடியில் புகுந்து பசையை ஊறவைத்துவிடும். நாலு பக்கமும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள்.

நடுவில் மட்டும் குமிழி என்றால், ஒட்டும்போது தண்ணீரை முழுதாக வழித்தெடுக்கவில்லை. ஊசியால் சின்னதாகக் குத்தி ஓரமாகத் தள்ளினால் படிந்துவிடும். குமிழிக்குள் மணல்போல ஏதாவது நெருடினால் அது பழைய உப்புப் படிவு. கண்ணாடியைத் தேய்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். உரித்து மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

மறுபடி ஒட்டும்போது போர் தண்ணீரைத் தெளிக்காதீர்கள். நம் ஊர்ப் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், அது ஸ்டிக்கருக்கு அடியில் மாட்டிக்கொண்டால் துடைக்கவும் முடியாது. குடிக்கிற கேன் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடியிலும் ஸ்டிக்கரின் பசைப் பக்கத்திலும் தாராளமாக அடியுங்கள். வைத்து, நகர்த்தி, சரியான இடத்துக்கு வந்ததும் ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். வைப்பர் இல்லையென்றால் பழைய ஏ.டி.எம். அட்டையில் மெல்லிய துணி சுற்றினால் போதும். அப்புறம் இரண்டு நாள் ஷவரைத் திறக்காமல் பக்கெட்டில் மொண்டு குளியுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அன்றைக்குச் சாயங்காலமே திறந்துவிட்டவர்கள்தான் எனக்கு இரண்டாவது போன் போடுகிறவர்கள்.

பசையே இல்லாமல் தண்ணீரால் ஒட்டிக்கொள்கிற வகையும் கிடைக்கிறது. வாடகை வீட்டுக்கு நல்லது, காலி செய்யும்போது உரித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். ஈரம் மட்டும் படுகிற இடத்தில் தாங்கும். தண்ணீர் நேராக அடித்தால் ஓரம் தூக்கிவிடும்.

என்னைக் கேட்டால், ஷவர் தண்ணீர் நேராக அடிக்கிற கண்ணாடிக்கு எந்த ஸ்டிக்கரும் வேண்டாம். இருக்கிற கண்ணாடியை எடுத்துவிட்டு 4 எம்.எம். பின்ஹெட் கண்ணாடி போடுங்கள், புள்ளிப் பக்கம் வெளியே, வழவழப்பு உள்ளே. உரிவதற்கு அதில் ஒன்றுமில்லை. கை, முழங்கை இடிக்கிற உயரத்தில் ஜன்னல் இருந்தால் மட்டும் டஃபன்டு கண்ணாடி கேளுங்கள். உடைந்தாலும் கத்திபோலச் சிதறாமல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும். அதை முன்கூட்டியே சரியான அளவில் சொல்லிச் செய்ய வேண்டும். பதப்படுத்திய பிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது.

வெள்ளை வெள்ளையாகப் படிகிறது

"புளோரைடு கறைங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது உண்மை. பல்லில் பழுப்புக் கறை விழுந்தவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் கண்ணாடியில் படிகிற வெள்ளைக்குக் காரணம் புளோரைடு இல்லை, தண்ணீரின் கடினத்தன்மை. கால்சியம், மெக்னீசியம் உப்புகள். ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வைத்துக்கொண்டு, குளிக்கப் போர் தண்ணீரைத்தான் திறக்கிறோம். அதனால் கறை அப்படியேதான் இருக்கும்.

வினிகரில் துணியை நனைத்துக் கண்ணாடிமேல் பத்து நிமிடம் ஒட்டிவைத்துவிட்டுத் துடைத்தால் கரைந்து வந்துவிடும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். கீழே பளிங்குக்கல் பதித்திருந்தால் அதன்மேல் வடியவிடாதீர்கள், பளபளப்பு போய்விடும். ஸ்டிக்கர்மேல் ஸ்டீல் நார் வேண்டாம். டாய்லெட் கழுவுகிற ஆசிட் வேண்டவே வேண்டாம், அது அலுமினிய பிரேமைத் தின்றுவிடும். தினமும் குளித்து முடித்ததும் ஒருமுறை வைப்பர் இழுத்துவிட்டால் இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாது. யார் செய்கிறார்கள், என் வீட்டிலேயே செய்வதில்லை.

கர்ட்டனில் கருப்புப் புள்ளி, வாடை

துணிக் கர்ட்டன் ஷவர் அருகே ஆகாது, பிளாஸ்டிக் வகை வாங்குங்கள். அடி ஓரம் தரையைத் தொடக் கூடாது. குளித்ததும் மடிந்து கிடக்காமல் விரித்து விடுங்கள். புள்ளி விழுந்துவிட்டால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து அலசலாம். அதோடு ஆசிட்டையோ வினிகரையோ சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறைக்குள் அது நெஞ்சை அடைத்துவிடும்.

லூவர் ஜன்னலைத் திறந்தால் மாடியிலிருந்து தெரிகிறது

மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வருகிறதா என்று முதலில் சொல்லுங்கள். வருகிறது என்றால் லூவர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடிப் பட்டைகள் திறக்கும்போது வெளி ஓரம் கீழே, உள் ஓரம் மேலே என்று சாய வேண்டும். அப்போது மழை வெளியே வழியும். மேலேயிருந்து பார்ப்பவருக்குப் பட்டை மறைக்கும், கீழே சந்தில் நிற்பவருக்கு உங்கள் மேல்தளம்தான் தெரியும். தலைகீழாக இருந்தால் மழையும் உள்ளே வரும், எதிர்மாடிக்காரர் பார்வையும் நேராக உங்கள் தரைக்கு வரும். பிரேமைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும்.

சாய்வு சரியாக இருந்தும் தெரிந்தால் பட்டைகள் தெளிந்த கண்ணாடியாக இருக்கும். பட்டையை மட்டும் உருவிவிட்டு அதே அளவில் பின்ஹெட் பட்டை செருகலாம். கிளிப்பின் நாக்கை மெதுவாக விலக்குங்கள், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். வெளிப்பக்கம் கிரில் இல்லாத லூவருக்குக் கிரில் போட்டுவிடுங்கள். நான் எவ்வளவு சுலபமாக உருவுகிறேனோ அவ்வளவு சுலபமாக வெளியேயிருந்து வேறொருவரும் உருவலாம்.

சிமென்ட் ஜாலி, எதை ஒட்டுவது என்றே தெரியவில்லை

பழைய வீடுகளில், தோட்டத்துப் பக்கம் தனியாகக் கட்டிய குளியலறைகளில் ஜன்னலுக்குப் பதில் ஜாலிதான். காலண்டர் அட்டையை உள்ளே செருகி வைத்திருப்பார்கள். ஒரே வாரத்தில் ஊறித் தொங்கும், பின்னாலேயே கரப்பான் வந்து குடியிருக்கும். சிலர் சாக்கை அடைத்து மொத்தமாக மூடிவிடுகிறார்கள். அப்புறம் சுவரெல்லாம் பூஞ்சை.

பார்வை நேர்கோட்டில்தான் போகும், காற்று வளைந்தும் போகும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டால் வழி சுலபம். ஜாலியைவிட நாலு பக்கமும் அரையடி பெரிதாக ஒரு பால்வெள்ளைப் பாலிகார்பனேட் ஷீட் வாங்குங்கள். அதை வெளிச்சுவரில் ஒட்டி அடிக்காமல், இரண்டு அல்லது மூன்று அங்குலம் தள்ளி நிற்கிற மாதிரி நாலு மூலையிலும் பைப் துண்டு வைத்து நீள ஸ்குரூவால் முடுக்குங்கள். நேர்ப்பார்வை ஷீட்டில் முட்டி நிற்கும். மேலும் கீழும் இருக்கிற இடைவெளியில் காற்று தாராளமாக ஓடும். வெளிச்சமும் குறையாது. ஒரு ஓரம் சந்துக்கு நேராக இருந்தால் அந்த ஓரத்தை மட்டும் அடைத்துவிடுங்கள். திறந்தே வைக்க வேண்டிய எந்த ஜன்னலுக்கும் இது பொருந்தும். சொந்த வீடாக இருந்தால் நான் முதலில் சொல்வதே இதைத்தான்.

எக்ஸாஸ்ட் பேன் ஓட்டை வழியாகத் தெரிகிறது என்பவர்களுக்கும் இதேதான். அல்லது காற்று தள்ளும்போது மட்டும் திறந்து, நின்றதும் மூடிக்கொள்கிற பிளாஸ்டிக் ஷட்டரை வெளியே மாட்டலாம். ஒட்டடை பிடித்தால் அது பாதியில் நின்றுவிடும், தீபாவளிக்கு ஒருமுறை பொங்கலுக்கு ஒருமுறையாவது துடையுங்கள்.

மறைப்புப் போட்ட பிறகு குளிக்கும்போது தலை சுற்றுகிறது

உடனே கீசரை அணைத்துக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மறைப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்து ஜன்னலும் அடைபட்டுவிட்டால், எரிகிற தீக்குப் போதுமான காற்று கிடைக்காது. கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அப்புறம் மயக்கம். உள்ளே தாழ் போட்டிருப்பதால் யாருக்கும் தெரியவும் தெரியாது. யாராவது மயங்கிவிட்டால் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 108க்கு அழையுங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழிக் குளிரில் "காத்து வருதுங்க, லூவரை மொத்தமா அடைச்சிடுங்க" என்று கேட்பார்கள். கேஸ் கீசர் உள்ளே இருந்தால் நான் அடைத்துக்கொடுப்பதில்லை, எவ்வளவு சொன்னாலும் சரி. கீசரை வெளிச்சுவருக்கு மாற்றிவிட்டு வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை வேறு வழியில்லாமல் குளிக்கத்தான் வேண்டும் என்றால், பக்கெட்டில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, அறையைக் கொஞ்ச நேரம் திறந்துபோட்டு, அதன்பிறகு குளியுங்கள்.

கரண்ட் கீசருக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனாலும் முழுக்க அடைத்தால் புழுங்கும், கதவுச் சட்டம் உப்பும்.

இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள் என்றால்

கொத்தனார் ஜன்னலுக்கு இடம் விடுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஷவர் வருகிற சுவர் ஒன்று, ஜன்னல் வருகிற சுவர் வேறு. ஜன்னலின் அடிமட்டம் குளியலறைத் தரையிலிருந்து ஆறடிக்கு மேல் இருக்கட்டும். டைல்ஸ் போட்டால் தரை உயரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பக்கத்து மனை காலியாக இருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே இரண்டு மாடி எழும்பிய பிறகுதான் எனக்கு போன் வருகிறது.